குறையாத தண்ணீர்

நான் படித்த பாடத்துக்கு என் தம்பி வைத்த பெயர் ‘ஒண்ணும் நடக்காத பாடம்’. அதில் பெரிய தப்பும் இல்லை. அவத்தைச் சமநிலை, இரசாயனச் சமநிலை என்று இரண்டு தடித்த புத்தகங்கள் தபாலில் வந்திருந்தன. ஒரு பொருள் திண்மமாக, திரவமாக, ஆவியாக இருக்கும் நிலைகளைத்தான் அவத்தை என்பார்கள். ஒரு நிலையிலிருந்து போவதும் திரும்பி வருவதும் சரிக்குச் சரியாகிவிட்டால், வெளியே நின்று பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அதுதான் சமநிலை. இதை அவனுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லி முடித்ததும் புத்தகத்தைக் கையில் தூக்கி எடை பார்த்தான்.

"ஒண்ணும் நடக்காததுக்கா இம்புட்டுப் பெரிய புத்தகம்? நம்ம வீட்டுலயுந்தான் ஒண்ணும் நடக்கல. அதை எழுதி அனுப்புக்கா, பட்டம் குடுத்துருவாங்க."

உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் சித்தியடைந்தும் பல்கலைக்கழக வளாகத்துக்குள் போக எனக்குப் புள்ளி போதவில்லை. கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில் தேயிலை பொதி செய்யும் ஒரு கம்பெனியின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். வந்து இறங்கும் தேயிலையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. ஈரம் கூடினால் தூளில் பூஞ்சணம் பிடிக்கும். வேலை பார்த்துக்கொண்டே தொலைக்கல்வியில் பட்டப்படிப்புக்குப் பதிந்தேன். புத்தகம் தபாலில் வரும். வகுப்பு சனிக்கிழமை பின்னேரம் போனில் நடக்கும். எப்போதாவது கண்டி டவுனுக்குப் போய்ச் செய்முறை செய்துவிட்டு வருவோம். வளாகத்தில் படிக்கிறவளுக்கு விரிவுரையாளரின் முகமாவது தெரியும். எனக்குத் தெரிந்தது ஒரு குரலும், திரையில் ஓடும் ஒரு கோடும்தான். அதற்கும் சிக்னல் மனது வைக்க வேண்டும்.

எங்கள் வீடு மகாவலி ஆற்றுக்கு மேலே சரிவில் கட்டிய வாடகை வீடு. பின்சுவரை மலைமண் தொட்டுக்கொண்டிருக்கும். அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே பன்வில தேயிலைத் தோட்டத்தில் காலமாகிவிட்டார். அம்மா கொழுந்து பறித்து எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கினார். தம்பிக்குப் பிலிமத்தலாவையில் ஒரு ஹாட்வெயர் கடையில் வேலை கிடைத்த பிறகு மூன்று பேரும் டவுன் பக்கம் வந்துவிட்டோம். வீட்டில் முன்னறையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். தம்பி படுப்பதும் அங்கேதான், சாமி படம் இருப்பதும் அங்கேதான், நான் படிப்பதும் அங்கேதான்.

சனிக்கிழமை அவனுக்கு அரை நாள் வேலை. என் வகுப்பு பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது கணக்காக வந்து சேர்வான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று கேட்பான்: "என்னக்கா, இன்னும் ஒண்ணும் நடக்கலியா?" ஒருநாள் ஏதோ சந்தேகம் கேட்பதற்காக நான் மைக்கைத் திறந்து வைத்திருந்தேன். அவன் கேட்டது வகுப்பு முழுக்கக் கேட்டுவிட்டது. விரிவுரையாளர் எழுதுவதை நிறுத்தினார். "இல்லை, இன்னும் நடக்கவில்லை," என்று சிரிக்காமல் பதில் சொன்னார். பிறகு, யாரோ மைக்கை மூடவில்லை, மூடிவிடுங்கள் என்றார். எனக்கு மானமே போய்விட்டது. அவனுக்கோ தலைகால் புரியவில்லை. கெம்பஸ் மெடமே தனக்குப் பதில் சொல்லிவிட்டார் என்று கடை முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

அந்த வருஷ மழையோடு டெங்குவும் வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். தம்பிக்கும் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் விட்டதும் அம்மா சந்தோஷப்பட்டார், ஆனால் டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் கண்டம். இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிகிற நேரம் அது. அந்த நேரத்தில் கண்டபடி தண்ணீர் கொடுத்தால் அது நெஞ்சில் போய்த் தேங்கிவிடும். அதனால் வார்டில் மணிக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுப்பார்கள். நானும் அம்மாவும் நோயாளரைப் பார்க்கும் நேரத்துக்குப் போனபோது, அந்த மணிக்குரிய பங்கை அவன் குடித்து முடித்திருந்தான்.

"அம்மா, தண்ணி," என்றான். உதடு வெளுத்துப்போயிருந்தது.

அம்மா பையிலிருந்து போத்தலை எடுத்து மூடியையும் திறந்துவிட்டார். நர்ஸ் ஓடி வந்தார். "எபா அம்மே, வத்துர தெண்ட எபா!" தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்கிறார் என்று நான் எடுத்துச் சொல்லத் தேவை இருக்கவில்லை. அம்மாவுக்கு அந்த அளவு சிங்களம் தெரியும். மூடியைத் திருகி மூடினார்.

"கொஞ்சம் பொறுத்துக்கடா ராசா. அடுத்த மணிக்குத் தருவாங்க."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நாங்கள் அவனை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

நர்ஸ் செய்தது சரி. டாக்டர்மார் செய்ததும் சரி. பிறகு நான் விசாரித்தேன், தேடிப் படித்தேன், யார் தலையில் பழியைப் போடலாம் என்று அலைந்தேன். யாரும் கிடைக்கவில்லை. பழி போட ஆள் இல்லாத சாவு பொல்லாதது, அது வீட்டுக்குள்ளேயே ஆள் தேடும். எங்கள் வீட்டில் அதற்கு அம்மா கிடைத்தார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிரேதம் கிடந்த இடத்தில் விளக்கேற்றி, பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைப்பார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை செத்துப்போனவர் வீட்டைச் சுற்றித்தான் இருப்பாராம். தாகம் எடுத்தால் வந்து குடிப்பாராம். விடிந்ததும் பெண்கள் முதல் வேலையாகக் கிளாஸைப் பார்ப்பார்கள். தண்ணீர் ஒரு நூல் இறங்கியிருந்தாலும் போதும். வந்துட்டுப் போயிருக்காங்க என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு, பழைய தண்ணீரைச் செடியடியில் ஊற்றிப் புதுத் தண்ணீர் வைப்பார்கள்.

அம்மா, தம்பி தேத்தண்ணி குடிக்கும் கண்ணாடிக் கிளாஸையே எடுத்து வைத்தார். விளிம்பு தட்ட ஊற்றினார். இன்னும் ஒரு சொட்டு விட்டால் வழிந்துவிடும் என்கிற அளவுக்கு. மறுநாள் காலையில் தண்ணீர் விளிம்பிலேயே நின்றது.

"அலுப்பா இருந்திருப்பான்," என்றார் அம்மா.

அதற்கடுத்த நாளும் அப்படியே. "இந்த மழையில எப்படி வருவான்," என்றார். அதற்கடுத்த நாள் கிளாஸைக் கொண்டுபோய்ச் செடியடியில் ஊற்றினார். திரும்பி வந்து புதுத் தண்ணீரை வைத்துவிட்டு, விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"என் கையால குடுக்குறது அவனுக்கு வேணாமாம்."

அன்றிலிருந்து அம்மா தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். நான் அதட்டினால் தேத்தண்ணியில் ஒரு மிடறு. பிரஷர் மாத்திரையும் அதோடுதான் போகும். சோறும் தொண்டையில் இறங்குகிற மாதிரி நாலு பருக்கை. உதடு வெடித்தது. எழுந்து நடந்தால் தலை சுற்றியது. "அவன் குடிக்கட்டும், நான் குடிக்கிறேன்," என்பார். கருமாதி நெருங்க நெருங்க வேறொரு பயமும் சேர்ந்துகொண்டது.

"கருமாதிக்குள்ள குடிக்காமப் போனான்னா தாகத்தோடயே போயிருவான் புள்ள. அப்புறம் நான் எங்க கொண்டுபோய்த் தண்ணி வெப்பேன்?"

காரணம் எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை. விடாத மழை. விளக்கு அணையக் கூடாதென்று ஜன்னல்களை இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். பின்சுவரில் வியர்வை மாதிரி நீர் பூத்திருந்தது. உப்புப் போத்தலில் உப்பு கரைந்து கிடந்தது. தம்பி காய்ச்சலில் விழுவதற்கு முந்தின நாள் அம்மா துவைத்துப் போட்ட அவனுடைய கடைச் சட்டை அடுப்படிக் கொடியில் இன்னும் காயாமல் தொங்கியது. அதை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்கள், துக்கத்துக்கு வந்தவர்கள். "காயாத துணிய எப்படிக் குடுக்கிறது?" என்று அம்மா எடுக்க விடவில்லை. அந்த வீட்டுக் காற்று, தான் தாங்கக்கூடிய நீராவி முழுவதையும் தாங்கிக்கொண்டிருந்தது. கிளாஸிலிருந்து எவ்வளவு தண்ணீர் மேலே போனதோ கிட்டத்தட்ட அவ்வளவும் கீழே திரும்பி வந்துகொண்டிருந்தது. என் புத்தகத்தின் மூன்றாம் பாடத்துக்கு எங்கள் முன்னறையில் விளக்கேற்றி வைத்திருந்தார்கள்.

அப்பாவுக்கு வைத்த தண்ணீர் முதல் நாளே நன்றாக இறங்கிவிட்டதாம். அதை அம்மா இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தார். பன்விலயில் நாங்கள் இருந்த ஒற்றை அறை லயக் காம்பரா தகரக் கூரை போட்டது. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி. நாள் முழுக்க அடுப்பு எரியும், இடைவெளியால் மலைக்காற்று வந்து போகும். அங்கே தண்ணீர் குறையாமல் இருந்தால்தான் அதிசயம்.

ஒரு காலையில் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா கிளாஸுக்கு முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, இது கோவம் இல்ல. மழை. காத்துல ஏற்கெனவே தண்ணி ரொம்பிக் கெடக்கு. கிளாசுல இருக்கிற தண்ணி போறதுக்கு எடமில்ல. நல்லா வெயில் அடிச்சு, காத்து வந்தா தானாவே கொறையும்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தானாவா?"

"தானாத்தான். நான் படிக்கிறதே அதைத்தானே."

"அப்ப ஒங்க அப்பாவுக்கு வெச்சது?"

நான் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன்.

"அதுவும் தானாக் கொறஞ்சதுதானா? லயத்துல எத்தன சாவுக்கு வெச்சிருக்கோம். எல்லாமே தானாவா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அம்மா மனதிலிருந்து ஒரு முள்ளை எடுக்கப் போய், எத்தனையோ வருஷமாக அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த அப்பாவையும் சேர்த்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டேன் போலிருந்தது. அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முழங்காலில் கையை வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"வேணாம் புள்ள. ஒன் படிப்ப நீ வெச்சுக்க. கோவத்துலதான் குடிக்கலன்னா, அவன் இங்க இருக்கான். நீ சொல்றதப் பாத்தா இந்த வீட்டுல யாருமே இல்ல. எனக்கு அவன் கோவமாவாவது இருக்கட்டும்."

அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. லீவு முடிந்து வேலைக்குப் போனேன். தேயிலையைத் தட்டில் பரப்பி ஈரம் பார்க்கும்போதெல்லாம் முன்னறையும் கிளாஸும்தான் கண்ணுக்குள் நின்றன. மெஷினில் வரும் எண்ணை எழுதிவிட்டு, எழுதியது சரியா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கருமாதி வேலைகளுக்காகப் பன்விலயிலிருந்து அத்தை வந்தார். அப்பாவுடைய தங்கச்சி. இன்னும் கொழுந்து எடுக்கிறவர், வாய்த்துடுக்கு அதிகம், மனது வெள்ளை. அம்மாவின் நிலைமையைப் பார்த்ததும் பயந்துபோனார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏ புள்ள, ரெண்டு கரண்டி அள்ளி வெளிய ஊத்திருவமா? ஒங்கம்மா தூங்குறப்ப. யாருக்குத் தெரியப் போவுது? இல்லாட்டி இவளுக்கும் சேர்த்து வெளக்கு வெக்க வேண்டியதுதான்."

புத்தியுள்ள பேச்சு. இரண்டு கரண்டித் தண்ணீரில் ஒரு உயிர் நிற்கும் என்றால் அள்ள வேண்டியதுதானே? ஆனால் என் வாயிலிருந்து, "தொடாதீங்க அத்தை!" என்று ஒரு அதட்டல் வந்தது. அத்தை திடுக்கிட்டுப் போனார். நானும்தான். அம்மாவை ஏமாற்றக் கூடாது என்று ஏதோ நியாயம் சொன்னேன். உண்மை அது இல்லை. அந்தக் கிளாஸில் யாராவது கையை வைத்துவிட்டால், பிறகு எப்படித் தெரியும் என்பதுதான் என் மனதில் முதலில் ஓடியது. என்ன தெரியப் போகிறது எனக்கு? ஆவியமுக்கம் படித்தவள், காரணம் இன்னதென்று அம்மாவுக்கே வகுப்பு எடுத்தவள். அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். கொஞ்ச நாளாகவே நான் அம்மாவுக்கு முன்னால் எழுந்துகொண்டிருந்தேன். பல் துலக்குவதற்கு முன்பே முன்னறைக்குப் போய், குனிந்து, விளிம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. தவறவிட்ட வகுப்புகளையும் பழைய வகுப்புகளையும் பதிவில் போட்டுக் கேட்கலாம் என்பதுதான் தொலைக்கல்வியில் உள்ள ஒரே சௌகரியம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் இயர்போனை மாட்டிக்கொண்டு முன்னறை மூலையில் உட்கார்ந்தேன். எதிரே விளக்கு, கிளாஸ், அவன் படம். நிரம்பிய ஆவியைப் பற்றிய வகுப்பைப் போட்டேன். விரிவுரையாளர் எழுதிக்கொண்டே போனார். நானும் கொப்பியில் எழுதிக்கொண்டே போனேன். எந்த வகுப்பு என்பதை மறந்தே போயிருந்தேன்.

"என்னக்கா, இன்னும் ஒண்ணும் நடக்கலியா?"

இரண்டு காதுக்குள்ளும் அவன் குரல். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன். வாசலில் மழைதான் பெய்துகொண்டிருந்தது. காதுக்குள் விரிவுரையாளர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "இல்லை, இன்னும் நடக்கவில்லை."

 இந்த வகுப்பை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் யார் யாரோ பரீட்சைக்காகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். யாரோ ஒருத்தியின் தம்பி குறுக்கே பேசுகிறான் என்று சிரித்துவிட்டுக் கடந்து போவார்கள். அவன் செத்துப்போனது அவர்களுக்குத் தெரியாது. அந்த வீடுகளிலெல்லாம் அவன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பான். இயர்போனைக் கழற்றிவிட்டுக் கிளாஸைப் பார்த்தேன். தண்ணீர் விளிம்பில் அசையாமல் நின்றது.

"இல்லடா," என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அடுப்படியிலிருந்து அம்மா, "யாரோட பேசுற?" என்று கேட்டார். பாடம் என்றேன். அம்மாவைக் கூப்பிட்டு அவன் குரலைக் கேட்க வைத்திருக்கலாம். இன்னும் ஒன்றும் நடக்கவில்லையா என்று அவன் கேட்பதை, அந்தத் தண்ணீருக்கு முன்னால் உட்கார்ந்து அம்மா எப்படிக் கேட்பார்? போனை அணைத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். அதன்பிறகும் சனிக்கிழமை பின்னேரங்களில் வாசல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கருமாதிக்கு முதல் நாள் வீடு கழுவ வேண்டும். தோட்டத்திலிருந்து சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் வந்து இறங்கினார்கள். மழை காலையிலேயே விட்டிருந்தது. மத்தியானம் காற்று எழும்பியது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அந்தக் காற்று. பல்லேகலப் பக்கமிருந்து ஈரமே இல்லாமல் வந்தது. கழுவிய தரை காயட்டும் என்று அத்தை ஜன்னல்களையெல்லாம் தள்ளித் திறந்தார். விளக்கு அணைந்துவிடாமல் ஒரு பிஸ்கட் டின்னைப் படுக்கப் போட்டு அதற்குள் வைத்தார்கள். கிளாஸ் வெளியே, இருந்த இடத்திலேயே இருந்தது. அம்மா புதிதாகத் தண்ணீர் ஊற்றினார். அதுதான் கடைசித் தடவை. அன்றைக்கும் விளிம்பு தட்டத்தான் ஊற்றினார். ஜன்னல்களைத் திரும்பச் சாத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் சாத்தவில்லை.

விடிந்தபோது அம்மாவின் சத்தத்தில்தான் எழுந்தோம். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்து ஓடினேன். அம்மா தரையில் மண்டியிட்டு, கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டான்! ஏ புள்ள, எம்புள்ள வந்துட்டான்! குடிச்சிட்டான், பாரு!"

குனிந்து பார்த்தேன். ஒரு நெல்மணியின் தடிப்புக்குத் தண்ணீர் இறங்கியிருந்தது.  முதலில் அத்தையைத்தான் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போனார்.

"நீதானே எடுத்த?"

"நான் தொடல. நீங்க?"

"ஆத்தா சத்தியமா நான் கிட்டயே போகல புள்ள." அத்தையின் முகம் மாறிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டபடியே உள்ளே போய்விட்டார்.

நான் அடுப்படிக்குப் போனேன். கொடியில் அவன் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அத்தனை நாளாக ஈரம் விடாத கழுத்துப்பட்டிகூட மொறுமொறுவென்று காய்ந்து, காற்றில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. சட்டையைக் காயவைத்த காற்றுதான் கிளாஸிலும் கையை வைத்திருக்கிறது. காய்ந்த காற்று, திறந்த ஜன்னல், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாக. என் தலைக்குள் கணக்கு தானாகவே ஓடி, இவ்வளவுதான் இறங்க வேண்டும் என்று விடையும் சொன்னது. வேண்டாம் வேண்டாம் என்று நான் நிறுத்தப் பார்த்தேன். அது நிற்கவில்லை. அந்தச் சட்டையைத் தொட்டிருக்கக் கூடாது. தொடாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரமாவது அவன் வந்திருப்பான்.

திரும்பி வந்தபோது அம்மா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். செம்பை அண்ணாந்து பிடித்து, கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தார். அத்தை முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து அம்மா சிரித்தார். அவன் போன பிறகு அம்மா சிரித்தது அதுதான் முதல் தடவை.

"அவன் எம்மேல கோவமா இல்ல புள்ள."

"இல்லம்மா," என்றேன். "கோவம் இல்ல."

மகாவலிக் கரையில் சடங்கு செய்யும் பண்டாரத்தை வைத்துக் கருமாதியை முடித்தோம். பிண்டத்தோடு அந்தக் கிளாஸ் தண்ணீரையும் ஆற்றில் விட்டார்கள். அம்மா அழவில்லை. ஊருக்குப் பிள்ளையை பஸ் ஏற்றிவிடுகிற மாதிரி, ஆற்றைப் பார்த்து, "பாத்துப் போ ராசா," என்றார். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார். பட்டப்பகலில் பாய் விரித்துத் தூங்கினார். தூக்கத்தில் அவர் முகம் பார்க்க நன்றாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு பொறாமை வந்தது. ஆமாம், பொறாமைதான். அம்மாவிடம் வந்து, தண்ணீர் குடித்து, சமாதானமாகிவிட்டுப் போய்விட்டான். என்னிடம் வந்தது காற்று.

சில கிழமைகள் கழித்துப் பரீட்சை. கண்டி டவுனில் ஒரு மண்டபம். வேலை செய்கிறவர்கள், கைப்பிள்ளைக்காரிகள், தலை நரைத்தவர்கள் என்று தொலைக்கல்வி மாணவர்கள் எல்லோரும் முதல் தடவையாக ஒரே இடத்தில் கூடியிருந்தோம். வினாத்தாள் கடினமில்லை. கையை எடுக்காமல் எழுதிக்கொண்டே போனேன். நாலாவது கேள்விக்கு வந்தேன். மூடிய அறை ஒன்றில், நீராவியால் நிரம்பிய காற்றில், திறந்த கிளாஸ் ஒன்றில் தண்ணீர் இருக்கிறது. மட்டம் மாறவில்லை. பிறகு ஜன்னல் திறக்கப்படுகிறது, உலர்ந்த காற்று உள்ளே வருகிறது, மட்டம் இறங்குகிறது. ஏனென்று விளக்குக. அந்தப் பாடத்தில் எந்த வருஷமும் தவறாமல் வருகிற கேள்விதான்.

ஐந்து வரியில் எழுதிவிடலாம். அந்த மண்டபத்தில் அதை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர் இருந்திருக்க மாட்டார். முதல் சொல்லை எழுதப் பேனாவைத் தாளில் வைத்தேன். எழுதினால், அன்றைக்கு வீட்டுக்குள் வந்தது யார் என்று என் கையாலேயே எழுதி, பெயருக்குப் பதில் பரீட்சைச் சுட்டெண்ணையும் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கை ஓடவில்லை. மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டு ஐந்தாவது கேள்விக்குப் போனேன். திருத்தியவர், பாவம், இந்தப் பிள்ளைக்கு இது தெரியவில்லை என்று நினைத்துப் பூச்சியம் போட்டிருப்பார்.